ஹைதராபாத் கலவையும் மாதாப்பூரின் தட்டும்

கோல்கொண்டா கோட்டைக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த துர்கம் செருவு என்னும் ஏரியையும், அதைச் சூழ்ந்த கருங்கல் பாறைகளையும் அடையாளமாகக் கொண்டிருந்த மாதாப்பூர், 1998 நவம்பர் 22 அன்று சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயி திறந்துவைத்ததிலிருந்து, ஹைதராபாதின் கணினித் தொழில் குடியிருக்கும் பகுதியாக மாறிவிட்டது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து உழைப்போர் பெருகிய இடத்தில் அவர்களுக்கான உணவுக் கடைகளும் பெருகின. புரதப் பொடி, ஓட்ஸ், ராகி பிஸ்கட், சோள அவல், சர்க்கரை சேர்க்காத இனிப்பு எனச் ‘சத்தான உணவு’ என்ற பெயரில் விற்பனைக்கு வரும் பண்டங்களுக்கு அங்கே குறைவில்லை. அப்பண்டங்களின் உறைகளில் அச்சாகியிருக்கும் புரதம், கலோரி, இரும்பு ஆகியவற்றின் கணக்கு இந்தியாவில் எப்படி உருவாயிற்று என்று தேடிச் செல்வோர், அதே நகரின் கிழக்கே தார்நாக்காவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்து நிற்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாசலுக்கும், அங்கிருந்து பின்னோக்கி நீலகிரியின் குன்னூருக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கிய ஆய்வுக்குப் ‘பெரிபெரி விசாரணை’ என்று பெயர். கால்கள் மரத்து, வீங்கி, இறுதியில் இதயம் செயலிழக்கும் பெரிபெரி நோய், அக்காலச் சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் பகுதியில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், மிகுதியாகக் காணப்பட்டது. அதே மாகாணத்தின் தென்கோடித் தமிழ் மாவட்டங்களிலோ, சோற்றையே மூன்று வேளையும் உண்டவர்களிடமும் அது அரிதாகவே இருந்தது. இந்த வேறுபாட்டின் விடை புழுங்கல் அரிசியில் இருந்தது. நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது, தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள தயமின், அதாவது வைட்டமின் பி1, அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவிவிடுவதால், பின்னர் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அதன் பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியிலோ தவிட்டோடு தயமினும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். எந்த ஆய்வுக்கூடத்தின் துணையும் இன்றி, நெல் அவித்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலையே இந்தியாவின் மிகப் பழைய சத்தேற்ற முறைகளுள் ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பண நெருக்கடியால் இடையில் சில ஆண்டுகள் நின்றுபோன அந்த ஆய்வு, 1925இல் குறைபாட்டு நோய்களுக்கான விசாரணையாக மீண்டும் உயிர்பெற்று, 1928-29 அளவில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற பெயரை ஏற்றது. மெக்காரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் எய்க்ராய்டு செய்த முதன்மையான பணி, நோய்க்கு மருந்து தேடுவதைவிட எளிமையாகத் தோன்றுவதும், விளைவில் அதைவிடப் பெரியதுமாகும். இந்தியர் உண்ணும் தானியம், பருப்பு, கீரை, காய், மீன் ஆகிய ஒவ்வொன்றிலும் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, 1937இல் அரசின் சுகாதார வெளியீடு எண் 23 ஆக அட்டவணைப்படுத்தினார். உணவு உட்கூறு அட்டவணை எனப்படும் இத்தகைய நூல் இல்லாமல் பள்ளிச் சத்துணவைத் திட்டமிடவும் இயலாது, ஒரு பிஸ்கட்டின் உறையில் எண்களை அச்சிடவும் இயலாது.

அந்த எண்கள் பிறக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்பது பயன் தரும். பருப்பின் புரதத்தை யாரும் நேரடியாக நிறுப்பதில்லை. பருப்புமாவை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றி அளந்து, கிடைத்த அளவை 6.25 ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்ற பொதுக்கணக்கே இப்பெருக்கத்துக்கு அடிப்படை. கலோரியும் அப்படித்தான்: ஒரு கிராம் புரதத்துக்கு 4, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 என்று கூட்டிச் சொல்லப்படுவது. ஆகவே உறையில் காணும் எண் மதிப்புக்குரிய அளவீடு. ஆனால் உண்பவரின் உடல் அதில் எவ்வளவை எடுத்துக்கொள்ளும் என்பதை அது சொல்வதில்லை. 1937இன் நூல் பலமுறை திருத்தப்பட்டு, 1971இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் கோபாலன் முதலானோரின் பதிப்பாக மனையியல் கல்லூரிதோறும் புழங்கியது. 2017இல் ஆய்வாளர் லோங்வா தலைமையில் முற்றிலும் புதிதாக அளந்து வெளியிடப்பட்ட அட்டவணையில் 528 உணவுகளும் 151 உட்கூறுகளும் இடம்பெற்றன.

ஆய்வுக்கூடம் 1958இல் குன்னூரை விட்டு ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. ஹைதராபாத் காலத்தின் முதன்மை ஆளுமை, சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ஆய்வுக்கூடம் தொடங்கிய அதே 1918இல் பிறந்து, 2019இல் நூறு வயது கடந்து சென்னையில் மறைந்த அவர், 1974இல் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் தலைமைக்குச் செல்லும்வரை நிறுவனத்தை வழிநடத்தினார்.

அவர் பொறுப்பேற்ற காலத்தில் உலகமே புரதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஏழை நாட்டுக் குழந்தைகளின் மெலிவுக்குப் புரதப் பற்றாக்குறையே காரணம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் நம்பி, 1955இல் புரத ஆலோசனைக் குழு ஒன்றையும் அமைத்திருந்தன. இந்தியாவில் இதற்கு முன்னணியில் நின்றது, வி. சுப்பிரமணியனை முதல் இயக்குநராகக் கொண்டு 1950இல் மைசூரில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் கடலைப் பிண்ணாக்கைத் தூய்மையாக அரைத்த மாவு மூன்று பங்கும், கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கலந்து அவர்கள் உருவாக்கிய ‘இந்தியப் பல்நோக்கு உணவு’, இந்த நாட்டில் விஞ்ஞானிகள் திட்டமிட்டுச் செய்த சத்துணவுப் பண்டங்களுள் முன்னோடி. மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு பொருளைக் குழந்தையின் கிண்ணத்துக்குக் கொண்டுவந்த துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக இறந்ததை ஆராய்ந்தபோது, ஈரத்தில் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாவது தெரியவந்தது. அதன்பின் கடலைப் பிண்ணாக்கை மனித உணவாக்கும் ஒவ்வொரு திட்டத்தின்மீதும் அந்த ஐயம் கவிந்தது. உலர்த்துவதிலும் சேமிப்பதிலும் காட்டும் கவனம், கலக்கும் விகிதத்தைவிடக் குறைந்ததன்று என்பதை உணவுத் தொழில் அப்போது கற்றது.

புரதமே தீர்வு என்ற கருத்தை ஹைதராபாத் ஆய்வாளர்கள் மற்றொரு திசையிலிருந்து அசைத்தார்கள். கோபாலனும் அவருடைய குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஊர்ப்புறத்துச் சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் 23 கிராம் கோதுமை மாவு, 35 கிராம் சர்க்கரை, 10 கிராம் எண்ணெய் ஆகியவற்றால் செய்த பண்டம் 14 மாதங்கள் வழங்கப்பட்டது. இதில் 310 கிலோகலோரி உண்டு; புரதமோ வெறும் 3 கிராம். இருந்தும் அதை உண்ட குழந்தைகள், உண்ணாதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் கூடுதலாக வளர்ந்தார்கள். வீட்டுச் சோற்றிலும் ரொட்டியிலும் ஓரளவு புரதம் இருக்கவே செய்தது. மொத்த உணவு போதாமையால், உடல் அந்தப் புரதத்தையும் வளர்ச்சிக்குப் பயன்படுத்தாமல் எரிபொருளாக்கிக்கொண்டிருந்தது. அக்குழந்தைகளுக்கு முதலில் தேவைப்பட்டது வயிறு நிறைய உணவு. எளிமையான இந்த முடிவு, விலையுயர்ந்த புரதச் செறிவுகளைத் தேடிக்கொண்டிருந்த உலகத்துக்கு ஏற்கக் கடினமாக இருந்தது. ஓர் உணவுப்பொருள் நல்லதா, கெட்டதா என்ற கேள்வியைத் தனியே எழுப்பாமல், யாருடைய தட்டில், எவற்றின் அருகில், எந்தக் குறையை நிரப்ப அது வருகிறது என்று கேட்கும் பழக்கம் ஹைதராபாத் ஆய்வின் சிறப்பியல்பாக வளர்ந்தது இங்கிருந்துதான் எனலாம்.

அப்பழக்கத்தின் மிகச் சிறந்த விளைபொருள், பாடநூல்களில் ‘ஹைதராபாத் கலவை’ என்று குறிக்கப்படும் சத்துமாவு. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். மொத்தம் 86 கிராமில் 330 கிலோகலோரியும் 11.3 கிராம் புரதமும் கிடைக்கும். நலிந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தாயே செய்து கொடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதால், எந்தச் சிற்றூர் மளிகைக் கடையிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடையாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பொட்டுக்கடலைப் புரதத்தில் அது மிகுதி. கடலையில் குறைவான மெத்தியோனினைக் கோதுமை ஈடுசெய்கிறது. வேர்க்கடலை, சிறிய வயிற்றுக்குள் அதிகக் கலோரியை அடக்கக்கூடிய கொழுப்பைத் தருகிறது. வறுப்பதால் மணம் கூடுவதோடு, பயறுகளில் இயல்பாக உள்ள, செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் செயலிழக்கின்றன. ஈரம் போவதால் மாவும் சில வாரங்கள் கெடாமல் இருக்கிறது. தாய்மார் செய்யவேண்டியது, ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, வேர்க்கடலையின் தோலைப் புடைத்து நீக்கி, ஆறியபின் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது வெந்நீரோ பாலோ விட்டுக் குழைப்பது மட்டுமே. வெல்லம் மாவை உருண்டையாகப் பிடிக்க உதவியது; அதைவிட முக்கியமாக, குழந்தையை உண்ணவும் வைத்தது.

இதே சிந்தனை தெற்கிலும் வேரூன்றியிருந்தது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் வழிகாட்டுதலில் உருவான ‘குழந்தை அமுது’ம் தானியம், பயறு, வேர்க்கடலை, வெல்லம் என்ற நான்கு தூண்களின்மேல் நின்றதே. தமிழக அங்கன்வாடிகளில் வழங்கப்படும் சத்துமாவும், தெலங்கானாவில் கோதுமை, கொண்டைக்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை சேர்த்துத் தயாராகும் ‘பாலாமிருதம்’ என்ற மாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தெலங்கானாவின் பழைய உணவான சோளத்துக்கு நேர்ந்த ஏற்ற இறக்கம், ஒரு பொருளின் மதிப்பு அதன் சூழலால் மாறுவதற்கு இன்னும் தெளிவான சான்று. மக்காச்சோளத்தை மட்டுமே உண்ணும் மக்களிடையே, வெயில் படும் தோல் கறுத்து உரியும் பெல்லக்ரா என்ற நோய் வருவது உலகறிந்தது. நியாசின் என்ற வைட்டமினும், உடல் அதைத் தயாரித்துக்கொள்ள உதவும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலமும் மக்காச்சோளத்தில் போதிய அளவு கிடைக்காததே அதற்குக் காரணம். தக்காணத்தில் மக்காச்சோளமன்றி வெள்ளைச் சோளம் உண்ட ஏழைகளிடமும் அதே நோய் இருப்பதைக் கண்ட கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற மற்றோர் அமினோ அமிலம் இதற்குத் துணைபோகிறது என்ற விளக்கத்தை 1960இல் முன்வைத்தார்கள். இவ்விளக்கம் பின்னர் பலரால் மறுக்கப்பட்டாலும், சோளம் ஒன்றே உணவாகும் வறுமையின் விளைவு அந்த நோயாளிகளின் கழுத்திலும் கைகளிலும் எழுதப்பட்டிருந்தது. 1983இல் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியதும், சோளம் விளைவித்த வீடுகளிலும் சோறு அன்றாட உணவாகியது. தட்டில் பல வகை சேரச் சேரப் பெல்லக்ராவும் அரிதாயிற்று. பசியைத் தணித்த அந்த அரிசியைக் குறைசொல்வது நியாயமாகாது. எனினும், சோளம் பயிரிட்ட நிலமும், அதைச் சமைக்கும் கைப்பழக்கமும் சுருங்கியது உண்மை.

அந்தக் கைப்பழக்கம் எளிதானதன்று. சோளத்தில் குளூட்டன், அதாவது கோதுமை மாவுக்கு இழுவை தரும் புரதம், இல்லாததால், கொதிக்கும் நீரை ஊற்றி மாவின் ஒரு பகுதியை வேகவைத்தே பிசைய வேண்டும். குழவியால் உருட்டினால் விரிசல் விடும் மாவைக் கையால் தட்டித் தட்டி வட்டமாக்கி, தோசைக்கல்லில் இட்டு, மேற்புறத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்த பிறகே திருப்பிப்போட வேண்டும். ஹைதராபாதின் தெருவோரங்களில் இன்று மாலை வேளைகளில் ஜொன்ன ரொட்டெ என்னும் சோள ரொட்டி தட்டி விற்கும் பெண்களிடம் இந்தத் திறமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ராஜேந்திரநகரில் உள்ள இந்தியச் சிறுதானிய ஆய்வு நிறுவனம், இந்த உழைப்பைத் தொழில்நுட்பத்தால் எளிதாக்க முயன்று, சோள ரவை, சோள அவல், சேமியா, பிஸ்கட் முதலியவற்றை உருவாக்கித் தொழில்முனைவோருக்குக் கற்பித்துவருகிறது. கம்பில் இடர் வேறு: அதன் முளையிலுள்ள கொழுப்பை, அரைத்த உடனே செயல்படத் தொடங்கும் நொதிகள் சிதைப்பதால், மாவு சில நாள்களிலேயே சிக்கு வாடை அடித்துக் கசக்கும். அரைப்பதற்கு முன் தானியத்தைச் சூடேற்றி நொதியை அடக்குவதே தீர்வு. 2018 ஏப்ரலில் இந்திய அரசு சிறுதானியங்களைச் சத்துத் தானியங்கள் என்று அறிவித்ததும், 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதும் இப்பண்டங்களை மாதாப்பூரின் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தன.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள் என்பதால் உப்பையே இரும்புச்சத்தின் வாகனமாக்க ஹைதராபாத் நிறுவனம் முயன்றது. உப்பில் வழக்கமாகச் சேர்க்கும் அயோடினோடு இரும்பையும் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து, உப்பு பழுப்பேறும், அயோடின் ஆவியாகும். சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்ற நிலைப்படுத்தியைச் சேர்த்து, கிராம் ஒன்றுக்கு 1 மில்லிகிராம் இரும்பும் 40 மைக்ரோகிராம் அயோடினும் உள்ள இருசத்து உப்பை அவர்கள் உருவாக்கினார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்புக் கழகம் அதைத் தயாரித்துச் சத்துணவுக் கூடங்களுக்கு அளித்தது.

இந்த நூற்றாண்டு வரலாற்றின் மறுகரையில் நிற்கிறது இன்றைய மாதாப்பூர். ஹைதராபாதின் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் 345 பேரை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் 84 விழுக்காட்டினரின் கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருப்பதையும், ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் உடற்பருமன் உடையோர் என்பதையும் கண்டது. 310 கிலோகலோரி கூடுதலாகக் கிடைத்தால் வளர்ந்த குழந்தைகளின் ஊருக்கு அருகிலேயே, அதே அளவு கூடுதலாகச் சென்றால் நோயுறும் ஒரு தலைமுறை வந்துவிட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட, 17 வழிகாட்டுதல்கள் கொண்ட உணவு நெறியேடு, சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது. ஹைதராபாத் கலவையில் ஒருவேளைக்கே 20 கிராம் வெல்லம் இருந்ததை நினைத்தால், இரு அறிவுரைகளும் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை என்பது முதலில் வியப்பளிக்கலாம். உண்பவர் மாறியதால் கணக்கும் மாறியது. தசைவளர்ச்சிக்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்வதும் அதே நெறியேடுதான். புரதத்தை மட்டும் தனியே உயர்த்திப் பிடிப்பதால் பயனில்லை என்று 1973இல் வறுமையின் நடுவே கண்ட முடிவு, வசதியின் நடுவேயும் பொருந்துகிறது.

சர்க்கரையைக் குறைப்பது உணவுப் பண்டம் செய்வோருக்கு எளிய வேலையன்று. பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்போடு பருமனையும், மொறுமொறுப்பையும், பொன்னிறத்தையும் தருகிறது. அதை எடுத்துவிட்டுச் சிட்டிகையளவு செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தால் இனிப்பு வரும், பிஸ்கட் வராது. அந்த வெற்றிடத்தை நிரப்ப இன்று பரவலாகப் பயன்படும் பொருள்களுள் ஒன்று இனுலின் என்ற நார்ச்சத்து. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் இந்த இனுலின் பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து பிரிக்கப்படுகிறது. தென்னிந்தியரின் பில்டர் காபியில் கலக்கும் அதே சிக்கரிதான். காபிக்காக வறுக்கும்போது இனுலினின் பெரும்பகுதி சிதைந்து கருகிய இனிப்பு மணமாகிவிடுவதால், டபராவில் அந்த நார்ச்சத்தைத் தேட வேண்டியதில்லை. இனுலினும் அளவோடு நன்று. மிகுந்தால் வயிறு உப்பும்.

பண்டம் செய்வோரின் கையில் இவ்வளவு அறிவும் இருக்கும்போது, வாங்குவோருக்குக் குறைந்தபட்சம் ஒரு பாதுகாப்பு உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, உறையின் பின்புறத்தில் சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். முன்புறத்தில் ராகிக் கதிரின் படம் பெரிதாக இருக்கும் ஒரு பிஸ்கட்டின் பின்புறத்தில் முதலில் கோதுமை மைதாவும், இரண்டாவதாகச் சர்க்கரையும், மூன்றாவதாகப் பாமாயிலும், அவற்றுக்குப் பிறகே ராகியும் வருமானால், அது ராகி பிஸ்கட்டன்று, ராகி தூவிய மைதா பிஸ்கட். 40, 16, 10, 20 என்று நான்கு எண்களை மறைக்காமல் சொன்ன கலவை பிறந்த நகரத்தில், ராகி எத்தனை விழுக்காடு என்பதை முன்புறத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடக் கோருவது வாங்குவோரின் உரிமை.